அளவக்கா கேட்காமல் விட்ட எண்

கார் வாங்கிய கையோடு சிலருக்கு ஒரு வியாதி வந்துவிடும். கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரம் கண்ணுக்குப் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில் பளபளவென்று அலாய் வீல் சுற்றுவதைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் போய்விடும். எங்கேயோ ஒரு செட் ரிம் வாங்கி, பின்சீட்டில் போட்டுக்கொண்டு, "இதுக்கு ஒரு டயர் பாருங்க" என்று கடை கடையாக ஏறுவார்கள். என்ன அளவு என்று கேட்டால் தெரியாது. "நல்லா அகலமா, பார்க்க கெத்தா இருக்கணும்" என்பது மட்டும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் அளவக்காவின் கடை.

அளவக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, தெரு வைத்தது. ஐம்பத்து நாலு வயது. ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி, விரல் நுனியில் எப்போதும் சாக்பீஸ் தூள். கடை என்றால் பெரிய கடை இல்லை. தெருவைப் பார்த்த ஒரே ஷட்டர், உள்ளே கூரைவரை அடுக்கிய டயர்கள், நடுவில் டயர் கழற்றும் மெஷின், ஓரமாக அவளுடைய மேஜை. வேலை செய்கிற ஆள் இரண்டே பேர். அவள் அளவு சொல்வாள். அவளுடைய வீட்டுக்காரர் மாட்டுவார்.

அளவு சொல்வது அத்தனை பெரிய வித்தையா என்று கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்களை நாமெல்லாம் பார்த்திருப்போம், படித்திருக்க மாட்டோம். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, உள்ளே உட்காரும் ரிம் எத்தனை அங்குலம் என்பது. ரிம் பெரிதானால் பக்கச் சுவர் குறைய வேண்டும். மொத்தச் சக்கரத்தின் உயரம் பழையபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் ஒரு வேகம் காட்டும், வண்டி வேறு வேகத்தில் ஓடும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். அளவக்கா இந்தக் கணக்கைக் காகிதமில்லாமல் போடுவாள். இந்த மூன்றுக்கும் பின்னால், யாரும் சீண்டாத நான்காவது எண் ஒன்று சின்னதாக நிற்கும். அந்த ஒரு டயர் எத்தனை பாரம் தாங்கும் என்பதற்கான குறி அது. எண் கூடினால் தாங்கும் பாரமும் கூடும்.

வாடிக்கையாளர் வாயால் சொல்கிற எதையும் அவள் நம்பமாட்டாள். "எனக்குத் தெரியும்கா, இது பதினாறு இஞ்ச்" என்று யாராவது ஆரம்பித்தால், "நீங்க சொல்லாதீங்க, உங்க வண்டி சொல்லட்டும்" என்பாள். எழுந்துபோய் டிரைவர் கதவைத் திறப்பாள். கதவின் விளிம்பில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும். எந்த அளவு டயர், எத்தனை பாரம், எவ்வளவு காற்று எல்லாம் அதில் இருக்கும். முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் படிப்பாள். பிறகுதான் கணக்கு. முப்பது வருடமாக இதே வழக்கம். "ஸ்டிக்கர் பொய் சொல்லாது" என்று அவள் சொல்லாத நாளில்லை.

இந்தக் கடைக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமனார் உயிரோடிருந்த காலம் அது. அவளுடைய புருஷன் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு டயர் உருட்டியவர். எண்கள் படிப்பார், நூற்றுக்கு இத்தனை பங்கு என்றால் குழம்பிப் போவார். ஆனால் கை பேசும். உள்ளங்கையை டயர்மீது ஒரு சுற்று ஓட்டினால் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு வாடிக்கையாளர் பெரிய ரிம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க, அப்பாவும் மகனும் டயரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார்கள். டீ கொடுக்க வந்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு பெருக்கல் ஒரு கூட்டல் போட்டு, "இது வைங்க மாமா, சரியா வரும்" என்றாள். வந்தது. மாமனார் அன்றைக்கே மேஜையைத் துடைத்து, "இனிமே நீ இங்க உக்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அங்கேதான் இன்னொன்றும் நடந்தது, யாருடைய கண்ணிலும் படாமல்.

வருகிறவர்கள் முதலில் இரண்டு பேரிடமும் கேட்டார்கள். அப்புறம் அவளிடம் மட்டும் கேட்டார்கள். "மாஸ்டர், நீங்க மாட்டுங்க, அக்கா சொல்லட்டும்" என்றார்கள். மாஸ்டரிடம் யாராவது நேரடியாக ஏதாவது கேட்டால்கூட, பதில் சொல்லுமுன் அவர் கழுத்து தானாக மேஜைப் பக்கம் திரும்பும். அவள் தலையாட்டினால்தான் வாய் திறப்பார். தன் அப்பன் வைத்த கடையில் அந்த மனுஷன் உப்புக்குச் சப்பாணியாகிப் போனார். அவள் கெட்டவள் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் பட்டினி கிடந்து பார்த்துக்கொண்டவள். ஆனால் கடையில் தன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பதில் அவளுக்குப் பெருமை இருந்தது. எதற்குப் பொய் சொல்வானேன், ரொம்பவே இருந்தது.

நான் சொல்ல வந்த சம்பவம் ஒரு மருந்துக்கடைக்காரருடைய வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறது.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். கூடவே பதினேழு அங்குல அலாய் வீல் நாலு. கம்பெனி போட்டது பதினாறு. அந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு மலைக்குப் போவதாகவும், அதற்குள் மாட்டித் தர வேண்டும் என்றும் சொன்னார். அளவக்கா வழக்கம்போலக் கதவைத் திறந்து குந்தினாள். ஸ்டிக்கரைப் படித்தாள். அகலம், சுவர், ரிம் மூன்றும் பழைய டயரில் இருந்தபடியே இருந்தன. பாரத்துக்கான எண் தொண்ணூற்றிரண்டு. எழுந்திருக்கும் முன்பே புது அளவு அவள் மனசில் வந்துவிட்டது. பழைய சக்கரத்துக்கும் புதுச் சக்கரத்துக்கும் உயர வித்தியாசம் நாலே மில்லிமீட்டர். அந்த அளவில் தொண்ணூற்று நாலு எண் போட்ட டயர் கடையிலேயே இருந்தது. தேவை தொண்ணூற்றிரண்டு, கையிலிருப்பது தொண்ணூற்று நாலு. இதற்குமேல் என்ன வேண்டும்?

மாஸ்டர் பழைய சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இந்தா, பழைய டயர்ல தொண்ணூத்தாறுன்னு இருக்கே" என்றார். "நாலுலயும் அப்படித்தான் இருக்கு. சுவரும் கொஞ்சம் கெட்டியா தெரியுது. ஏழு பேர் போற வண்டி. கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்றார்.

"முன்னாடி வச்சிருந்தவன் எவனோ தேவையில்லாம கெட்டி டயரை வாங்கி மாட்டியிருக்கான். அவன் பண்ணினது நமக்குச் சட்டமா? கம்பெனிக்காரன் தொண்ணூத்திரண்டுன்னு ஒட்டியிருக்கான். உங்களுக்குக் கம்பெனிக்காரனை விட அதிகம் தெரியுமா?"

"இல்ல, கையில பார்த்தா…"

"கையில பார்க்கறதுக்கு இது என்ன கத்தரிக்காயா? மாட்டுங்க."

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அது தப்பான சிரிப்பு இல்லை, யாரும் சிரிக்கிற சிரிப்புதான். மாஸ்டரும் கூடவே லேசாகச் சிரித்தார். பிறகு குனிந்து மாட்டினார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி எங்கும் உரசவில்லை என்று பார்த்தார். ஸ்டிக்கரில் எழுதியிருந்தபடி காற்று வைத்தார். வண்டி ஜோராக நின்றது. பழைய சக்கரங்கள் நாலையும் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் போனார்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு டிங்கர் வந்தார். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை வைத்திருப்பவர், வாய் ஓயாதவர். அவருடைய வேனில் ஒரு டயர் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைக் கழற்றிக்கொண்டிருக்க, சாக்பீஸில் 'மருந்துக்கடை' என்று எழுதிச் சுவரோரம் சாய்த்திருந்த நாலு சக்கரங்களை டிங்கர் பார்த்தார்.

"அட, இது மருந்துக்கடைக்காரர் வண்டியோடதுதானே? நம்ம கையால உயிர் பிழைச்ச வண்டி அக்கா அது. பழைய ஓனர் ஒரு தூண்ல வச்சு இடிச்சிட்டாரு. டிரைவர் கதவு சப்பையா போச்சு. நாலு நாள் அலைஞ்சு ஒரு கதவு பிடிச்சேன்."

"புதுக் கதவா?" என்று அவள் சும்மா கேட்டாள்.

"புதுக் கதவுக்கு எங்க போறது? உடைக்கப் போன வண்டியிலேர்ந்து எடுத்தது. இதே வண்டியில சின்னது ஒண்ணு வருதுல்ல, அஞ்சு பேர் போறது? முன்கதவு ரெண்டுக்கும் ஒண்ணுதான். நிறம்கூட அச்சு அசல் அப்படியே இருந்துச்சு, பெயின்ட் செலவே இல்ல. ஸ்டிக்கரைக்கூட உரிக்காம அப்படியே மாட்டிட்டேன், பாருங்க நம்ம அதிர்ஷ்டத்தை!"

அளவக்காவின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அஞ்சு பேர் வண்டியின் கதவு. அஞ்சு பேர் வண்டியின் பாரம். அஞ்சு பேர் வண்டிக்கான காற்று. அவள் குந்தி உட்கார்ந்து, கண் குளிரப் படித்தது வேறொரு வண்டியின் ஜாதகம். இந்த வண்டியின் உண்மையான எண் சுவரோரம் சாய்ந்திருந்த அந்தப் பழைய டயரில் இருந்தது. தொண்ணூற்றாறு.

அன்றைக்குக் காலையில்தான் மருந்துக்கடைக்காரர் கிளம்பியிருந்தார். அவர், மனைவி, மூன்று குழந்தைகள், தம்பி, தம்பி மனைவி. ஏழு பேர், ஒரு வாரத்துக்கான பெட்டிகள். ஒவ்வொரு டயர் மேலும் தாங்கமுடியாத பாரம். அதிலும் காற்று குறைச்சல். வெயில் ரோட்டில் ஓட ஓடப் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சமதரையில் வெடித்தால் ஒரு மாதிரி. மலையில், திருப்பத்தில் வெடித்தால்?

அவள் மேஜைக்குப் பின்னால் போய் நின்று நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அக்கா! உங்களுக்கு நூறு ஆயுசு. இப்பத்தான் தம்பிகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். வண்டி மெத்தையில போற மாதிரி போகுது."

மெத்தை மாதிரி. காற்று போதாமல் சுவர் மடங்குகிற டயர் அப்படித்தான் போகும்.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல அடிவாரம். அங்க அணை இருக்குல்ல, பசங்க பார்க்கணுமாம். சாப்பிட்டு ரெண்டு மணிக்கு மேல மலை ஏறுறோம். ஏன்கா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். முப்பது வருடப் பெயர் அவளைத் தடுத்தது.

"ஒண்ணுமில்ல தம்பி. லோடு ஜாஸ்தியா இருக்குமேன்னு… காத்து மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க. பின்னாடி கொஞ்சம் கூட வச்சுக்குங்க. மெதுவா போங்க."

"சரிக்கா, வழியில கடை இருந்தா பார்க்கிறேன்" என்றார் அவர். குழந்தைகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தன. போன் கட்டாயிற்று.

டிங்கரின் வேன் போனபிறகும் அவள் அங்கேயே நின்றாள். மாஸ்டர் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கடை அத்தனை பெரிய கடை இல்லை என்றுதான் சொன்னேனே.

"என்ன சொன்ன?"

"காத்து கூட வைக்கச் சொன்னேன்."

"ஏன்னு சொன்னியா?"

அவள் போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காரணம் தெரியாத ஆள் வண்டியை நிறுத்தமாட்டார்" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியாவது இருக்கலாம்.

அவள் மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை, நாலு தடவை. யாரும் எடுக்கவில்லை. அவள் நிமிர்ந்தபோது மாஸ்டர் பழைய சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய்த் தங்கள் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜாக்கி, ஸ்பேனர், பேட்டரியில் ஓடும் காற்று மெஷின் எல்லாம் ஏறின. பட்டப்பகலில், வேலை நாளில், அந்தக் கடையின் ஷட்டர் இறங்கியதைத் தெரு அன்றுதான் பார்த்தது.

அடிவாரம் மூன்று மணி நேரப் பயணம். வழிநெடுக அவள் போனை அழுத்திக்கொண்டே வந்தாள். எதிரே கூட்டம் தெரிந்தால் விபத்தோ என்று எட்டிப் பார்ப்பாள். கிட்டே போனால் அது பழக்கடையாகவோ பஸ் நிறுத்தமாகவோ இருக்கும். ஓர் இடத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு தாண்டிப் போனது. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கியரில் இருந்த கை அது. அவர் உதறவில்லை, அப்படியே கியர் மாற்றினார்.

"கடவுளே, அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வாய்விட்டே சொன்னாள். கடை, பெயர் எல்லாம் பாழாய்ப் போகட்டும் என்று அந்தப் பயணத்தில்தான் முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

ஒன்றே முக்காலுக்கு அணைக்குப் பக்கத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தை அடைந்தார்கள். மருந்துக்கடைக்காரரின் வண்டி ஒரு மரத்தடியில் நின்றது. பெட்டிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குழந்தை ஏற்கெனவே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"அக்கா? நீங்க எங்க இங்க?" மருந்துக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. "போன் பையில கிடந்துச்சு, இப்பத்தான் பார்த்தேன், இத்தனை கால். என்ன ஆச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் மாஸ்டர் நேராகப் பின்சக்கரத்துக்குப் போனார். உள்ளங்கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். அவளிடமிருந்து டார்ச்சை வாங்கித் தரையில் படுத்து உள்பக்கம் பார்த்தார். "இங்க வந்து பாருங்க தம்பி" என்றார். வெளியிலிருந்து தெரியாத உள்பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் கிளம்பியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். அவர் மனைவி முதலில் போய்ச் சீட்டிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

அளவக்கா சொன்னாள். கதவு மாற்றிய கதவு என்பதை, எண் தப்பு என்பதை, காலையில் போனில் உண்மையை மறைத்ததை, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

"காலையிலேயே தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர். அதிர்ந்து பேசாத மனுஷன் என்று சொன்னேன். அப்போதும் சத்தம் போடவில்லை. "தெரிஞ்சும் காத்தைப் பாருன்னு மட்டும் சொன்னீங்களா? நான் கடையில ஒரு மாத்திரையைத் தப்பான அளவுல கொடுத்துட்டு, அது தெரிஞ்சப்புறம் தண்ணி நிறைய குடிங்கன்னு மட்டும் சொன்னா, என்னை என்ன பண்ணுவாங்க அக்கா?"

அவர் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறீங்க? உங்களுக்குக்கூடவா தெரியல?"

மாஸ்டர் ஜாக்கியை வண்டிக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "மாட்டினது நான்தான் தம்பி. தப்பு என்மேலயும்தான்" என்றார்.

"இல்ல" என்றாள் அவள். இத்தனை சத்தமாகச் சொன்னது அவளுக்கே திடுக்கென்றது. "இவர் சொன்னாரு. பழைய டயர்ல தொண்ணூத்தாறு இருக்கு, யோசிச்சுப் பாருன்னு உங்க முன்னாடியே சொன்னாரு. நான்தான் வாயை அடைச்சேன். கத்தரிக்காயான்னு கேட்டேன். இவர் பேச்சைக் கேட்டிருந்தா உங்க பிள்ளைங்களுக்கு இந்த ஆபத்து வந்திருக்காது. எனக்குத் தெரியாததை இவர் கை கண்டுபிடிச்சுது. நான் கேக்கல."

ஜாக்கியின் பிடி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுழன்றது. மருந்துக்கடைக்காரர் எங்கோ பார்த்தார். அன்றைக்கு அவரும் சிரித்தார் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்குமேல் அவர் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

நாலு சக்கரமும் மாற முக்கால் மணி நேரம் ஆயிற்று. நட்டுகளை அவள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கடைசி நட்டை இறுக்கியதும் மருந்துக்கடைக்காரர் மாஸ்டரிடம் வந்தார். "இதை நம்பி மலை ஏறலாமா? இல்ல, திரும்பிடட்டுமா? நீங்க சொல்லுங்க."

மாஸ்டருடைய கழுத்து பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்குப் பதில் தெரியும். எத்தனை காற்று என்பதுகூட நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவள் தலையாட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. வெறுமே நின்றாள்.

அவர் சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து பழைய டயரின் பள்ளங்களில் கட்டைவிரலை ஓட்டினார். எல்லோரையும் வண்டியில் ஏறச் சொல்லி, பெட்டிகளையும் ஏற்றி, சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் பக்கச் சுவரையும் பார்த்தார். பின்னிரண்டுக்கும் காற்றுக் கூட்டினார். மறுபடி பார்த்தார்.

"ஏறலாம் தம்பி" என்றார். "டயர் பாதிக்குமேல இருக்கு, சுவரும் நிமிர்ந்து நிக்குது. பாதி மலையில ஒரு தடவை நிறுத்திக் கையை வச்சுப் பாருங்க. சுட்டுதுன்னா எனக்குப் போன் போடுங்க. நான் இங்கயே இருக்கேன், நீங்க மேல போய்ச் சேர்ந்தேன்னு சொல்றவரைக்கும்."

நாலு மணிக்குமேல் போன் வந்தது, மாஸ்டருடைய போனுக்கு. போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. அலாய் வீலும் புது டயரும் எதுவும் வேண்டாம், இனி அந்தக் கடைக்கும் வரப்போவதில்லை என்று அவர் மரியாதையாகவே சொன்னார். மாஸ்டர் "சரி தம்பி" என்றார். அளவக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நிம்மதியில் அழுதாளா, அவமானத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு வேறொன்றைக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி… உங்க மனசு ஒப்பாம, நான் சொன்னேன்னு மட்டும் மாட்டின வண்டி ஏதாவது இருக்கா?"

அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு லாரியை முன்னே விட்டார்.

"இருக்கு."

"எத்தனை?"

"ரெண்டு." அவர் யோசிக்கக்கூட இல்லை. "ஒண்ணு டீச்சரோட நீல வண்டி, போன வருஷம். இன்னொண்ணு துணிக்கடைக்காரரோட வேன்."

"எப்படி இத்தனை நாள் ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"அந்த டீச்சர் தினம் நம்ம தெரு வழியாத்தானே போறாங்க" என்றார் அவர். "வண்டி வந்தா முதல்ல டயரைப் பார்ப்பேன். அப்புறம்தான் அவங்களைப் பார்த்துக் கும்பிடுவேன்."

ஒரு வருடமாக, ஒவ்வொரு காலையும், அவளுடைய மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் நின்று இந்த மனுஷன் தனியாக அந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வராதபடி அவரை ஆக்கியது யார்? அவளுக்கு அது புரிந்தபோது அழுகைகூட வரவில்லை.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

அவர் நிறுத்தினார். அவள் போனை எடுத்து டீச்சரின் நம்பரைத் தேடினாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் தடவை மணி போயிற்று.

"டீச்சர், டயர்க் கடையிலேர்ந்து பேசுறேன்" என்றாள். "உங்க வண்டிக்கு நான் சொன்ன அளவு தப்பா இருக்கலாம்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க. காலையில நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கே வர்றோம். எங்க வீட்டுக்காரர் பார்த்துச் சொல்வாரு."